எம்.பி. டெல்லிக்குப் போயி நம்ம வீட்டுக்கு என்ன பண்ணிடப் போறாரு?

கேள்வி (2 ஏப்ரல் 2024)

எலெக்‌ஷன் வந்துடுச்சு, தெருவுக்கு நாலு மைக். எல்லா கட்சி நோட்டீஸ்லயும் "அனைவருக்கும் வீடு". வீடு, மனை, பிளான் அப்ரூவல் எல்லாமே மாநில அரசு கையில இருக்கு. எம்.பி. டெல்லில உக்காந்து இதுல என்ன பண்ண முடியும்? "கேள்வி கேட்டார், குரல் கொடுத்தார்" கதையெல்லாம் வேணாம். ஒரு ஆளு பேரச் சொல்லுங்க, அவர் பார்லிமெண்ட்ல செஞ்ச வேலையால எனக்கு, மேடவாக்கத்துல ஃபிளாட் தேடிட்டு இருக்கற எனக்கு, என்ன கெடைச்சுதுன்னு சொல்லுங்க.

2 ஏப்ரல், ராத்திரி

பேரு அனில் மாதவ் தவே. மத்தியப் பிரதேசத்துலேர்ந்து ராஜ்யசபா போன பிஜேபி எம்.பி. நம்மூர்ல முக்காவாசிப் பேர் கேள்விப்பட்டே இருக்க மாட்டாங்க. ரேரான்னு ஒண்ணு இருக்கே, ரியல் எஸ்டேட் சட்டம், அந்த மசோதாவ 2015 மே மாசம் ராஜ்யசபா ஒரு செலக்ட் கமிட்டிக்கு, அதாவது அந்த ஒரு மசோதாவ அலசறதுக்குன்னே போட்ட எம்.பி.க்கள் குழுவுக்கு, அனுப்புச்சு. அதுக்கு இவர்தான் தலைவர். ஜூலை கடைசில ரிப்போர்ட் குடுத்துட்டாங்க. இன்னிக்கு நீங்க ஃபிளாட் புக் பண்ணப் போனா பில்டர் உங்க கையில கார்பெட் ஏரியா (வீட்டுக்குள்ள நிஜமாப் பொழங்கற தரையோட அளவு) போட்ட பேப்பர் குடுத்தாகணும், பத்து பர்சென்ட்டுக்கு மேல அட்வான்ஸ் வாங்கணும்னா அக்ரிமெண்ட்ட ரிஜிஸ்டர் பண்ணியாகணும். இதெல்லாம் அந்த சட்டத்துல இருக்கு. விவரமா நாளைக்கு எழுதறேன், இப்ப கரண்ட் போயிப் போயி வருது.

3 ஏப்ரல்

சட்டம் வந்த வழிய மொதல்ல சொல்லிடறேன், ஏன்னா இதுல யாருமே பேசாத ஒரு சங்கதி இருக்கு. மசோதாவக் கொண்டு வந்தது மன்மோகன் சிங் அரசு. 2013 ஆகஸ்ட்ல கிரிஜா வியாஸ் வீட்டு வசதி மந்திரியா இருந்தப்போ ராஜ்யசபாவுல தாக்கல் பண்ணாங்க. அதுக்கு முன்னாடி குமாரி செல்ஜா அந்தத் துறையில இருந்த காலத்துலயே வரைவு ஓடிட்டு இருந்துது. அந்தத் துறைய கவனிக்கற எம்.பி.க்கள் நிலைக்குழுவுக்குப் போச்சு, ரிப்போர்ட் வந்துது, எலெக்‌ஷன் வந்துது, ஆட்சி போயிடுச்சு.

லோக்சபாவுல தாக்கல் பண்ணியிருந்தா கதை அதோட முடிஞ்சிருக்கும். சபை கலைஞ்சதும் அங்க கிடப்புல இருக்கற மசோதா எல்லாம் காலாவதி. ராஜ்யசபா கலையறதே இல்ல, அங்க தாக்கலாகி லோக்சபா இன்னும் தொடாத மசோதா அப்படியே உசுரோட இருக்கும். அதனாலதான் காங்கிரஸ் போட்ட மசோதாவ பிஜேபி அரசு தூசு தட்டி எடுத்து, மேல திருத்தத்த வச்சு, 2016 மார்ச் 10 ராஜ்யசபா, மார்ச் 15 லோக்சபான்னு பாஸ் பண்ண முடிஞ்சுது. அப்ப மந்திரி வெங்கையா நாயுடு. எந்த வாசல் வழியா உள்ள அனுப்பறோம்ங்கறது கூட ஒரு வேலைதாங்க, யாரு யோசிச்சு பண்ணாங்களோ இல்ல தற்செயலோ, நல்லதுக்கு.

3 ஏப்ரல், சாயங்காலம்

"பிஜேபி ஐ.டி. விங்கா சார் நீங்க"ன்னு ஒருத்தர் கேட்டிருக்காரு. இல்ல தம்பி, எனக்கு ஐ.டி.யும் தெரியாது விங்கும் கிடையாது. முழுசா எழுத விடுங்க, உங்க கட்சிக்கும் பங்கு வரும்.

எழுபது பர்சென்ட் கதையப் பாருங்க. நம்மகிட்ட வாங்கற காசுல எழுபது சதவீதத்த பில்டர் தனி பேங்க் அக்கவுண்ட்ல போடணும், அந்த புராஜெக்ட்டோட நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டும்தான் எடுக்கணும், அதுவும் எவ்வளவு வேலை முடிஞ்சுதோ அந்த அளவுக்குத்தான், இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட், ஆடிட்டர் மூணு பேர் சர்டிஃபிகேட்டோட. ஏன் இது? நாவலூர்ல நம்ம குடுத்த காசுல பில்டர் ஒரகடத்துல நிலம் வாங்கிப் போட்டுடுவாரு, ஒரகடத்துக்காரன் காசுல வேற எங்கயோ. கடைசில எல்லா இடத்துலயும் தூண் மட்டும் நிக்கும்.

2013 மசோதாவுல எழுபதுன்னுதான் இருந்துது, ஆனா பக்கத்துலயே "அல்லது அரசு அறிவிக்கற அதைவிடக் குறைஞ்ச அளவு"ன்னு ஒரு வால். 2015ல புது அரசு கொண்டு வந்த திருத்தம் அத ஐம்பதாக் குறைச்சுது. தவே கமிட்டியும் குறைஞ்சது ஐம்பதுன்னுதான் சிபாரிசு பண்ணுச்சு. கமிட்டில இருந்த காங்கிரஸ் உறுப்பினர்கள் ஒத்துக்காம மாற்றுக் கருத்து எழுதிக் குடுத்தாங்க. ராகுல் காந்தி அந்த மே மாசம் டெல்லி சுத்துவட்டார ஃபிளாட்காரங்களக் கூப்பிட்டுப் பேசி சட்டத்த நீர்த்துப்போகப் பண்றாங்கன்னு சத்தம் போட்டாரு. டிசம்பர்ல கேபினட் எழுபதுக்கே திரும்பிடுச்சு, அந்த வாலும் போச்சு. ஆக ஐம்பது எழுபதானதுக்கு எதிர்க்கட்சி கத்தினதுல பாதி, அரசு இறங்கி வந்ததுல பாதி. கமிட்டித் தலைவருக்கு இதுல நான் மார்க் போட மாட்டேன். ஐ.டி. விங்னு சொன்ன தம்பிக்கு திருப்தியா?

5 ஏப்ரல்

கார்பெட் ஏரியா. இதுல நான் நேரா அடிபட்டவன், கொஞ்சம் நீளமாப் போகும், சகிச்சுக்கோங்க.

நான் ஃபிளாட் வாங்கினது 2012. பில்டர் பேரு வேணாம், இன்னும் அதே ஏரியாலதான் இருக்காரு, பாத்தா வணக்கம் வைக்கிறாரு. 1150 சதுர அடின்னு பேசி, சதுர அடிக்கு இவ்வளவுன்னு பெருக்கி, காசும் குடுத்து, கிரகப்பிரவேசமும் முடிஞ்சு, கட்டில் வாங்கப் போறப்பதான் மச்சான் டேப் எடுத்துட்டு வந்தாரு. மாஸ்டர் பெட்ரூம்னு படத்துல போட்டிருந்த ரூம்ல செவுத்துக்கு செவுரு பத்தடி, அதுல பாத்ரூம் கதவு உள்பக்கமாத் தொறக்குது, ஆறடிக் கட்டில் போட்டா அலமாரி பாதிதான் தொறக்கும். அவருக்கு சந்தேகம் வந்து ஹால், கிச்சன், ரெண்டு ரூம், பாத்ரூம் எல்லாம் அளந்து கேலண்டர் பின்னாடி கூட்டிப் போட்டாரு, 810 சில்லறை வருது. மறுபடி அளந்தோம், அதே 810. மீதி 340 சதுர அடி எங்கன்னு பில்டர்கிட்ட கேட்டா சிரிச்சுட்டே "சூப்பர் பில்ட்-அப் சார், படிக்கட்டு, லிஃப்ட், காரிடார், மேல தண்ணித் தொட்டி, எல்லாத்துலயும் உங்க பங்கு இருக்குல்ல"ங்கறாரு. நகைக்கடையில சேதாரம் போடற மாதிரிதான், ஒவ்வொரு கடைக்கும் ஒரு பர்சென்ட், கேட்டா தொழில் அப்படி. அங்கயாவது பில்லுல தனியாப் போடறான்.

அப்ப சூப்பர் பில்ட்-அப்புக்கு சட்டத்துல விளக்கமே கிடையாது. ஒரு பில்டர் இருபத்தஞ்சு பர்சென்ட் ஏத்துவாரு, இன்னொருத்தர் நாப்பது. ரெண்டு ஃபிளாட்ட ஒப்பிட்டுப் பாக்கவே வழியில்ல. ரேரால கார்பெட் ஏரியான்னா என்னன்னு எழுதியே வச்சுட்டாங்க: உள்ள நடமாடிப் பொழங்கற தரை, ரூமுக்கு ரூம் நடுவுல இருக்கற செவுரு சேரும், வெளிச்செவுரு சேராது, பைப் போற ஷாஃப்ட் சேராது, பால்கனி, தனி மொட்டைமாடி சேராது. தவே கமிட்டி உக்காந்து அலசின விஷயத்துல இதுவும் ஒண்ணு. யாரும் டிவில பாத்துட்டு இருக்கல, கூச்சல் இல்ல, வெளிநடப்பு இல்ல, பால்கனிய எந்தப் பக்கம் சேக்கறதுங்கறதுதான் பேச்சு. எம்.பி. வேலைன்னா எனக்கு இதுதான் கண்ணுக்கு வருது.

மச்சானோட கேலண்டர் ரொம்ப நாள் கிச்சன்ல தொங்கிட்டு இருந்துது, வீட்டுக்கு யாரு வந்தாலும் திருப்பிக் காட்டுவாரு.

6 ஏப்ரல்

கார் பார்க்கிங் பத்தி மூணு பேர் கேட்டிருக்கீங்க. திறந்தவெளி பார்க்கிங்க பில்டர் தனியா விக்க முடியாது, அது எல்லாருக்கும் பொது இடம். 2010லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. ரேராலயும் கராஜ்னா கூரையும் மூணு பக்கம் செவுரும் இருக்கணும்னு போட்டிருக்கு. ஆனா நடப்புல வெள்ளைப் பெயிண்ட்ல கட்டம் போட்டு நாலு லட்சம்ங்கறாங்க, நாமளும் குடுத்துட்டு வரோம். என் கட்டத்துல எதிர்வீட்டு சாரோட ஸ்கூட்டர்தான் நிக்குது, என்கிட்ட காரே இல்லங்கறது வேற விஷயம்.

9 ஏப்ரல்

"இதெல்லாம் டெல்லி, நொய்டா பிரச்சினை, நம்மூருக்கு என்ன"ன்னு ஒரு பதிவு. மௌலிவாக்கம் மறந்து போச்சா? 2014 ஜூன் 28, சாயங்கால மழையில பதினொரு மாடிக் கட்டடம் அப்படியே உக்காந்துடுச்சு, 61 பேர் போயிட்டாங்க. பெரும்பாலும் ஆந்திராவுலேர்ந்தும் ஒடிசாவுலேர்ந்தும் வந்த கூலி வேலைக்காரங்க. பக்கத்துல நின்ன ஜோடிக் கட்டடத்த 2016 நவம்பர்ல வெடி வச்சு எறக்கினாங்க. நான் போரூர் பக்கம் போயிட்டு வரவன், அந்த ரெண்டாவது கட்டடம் ரெண்டு வருஷத்துக்கு மேல காலியா நின்னதப் பாத்தவன்.

அந்த நேரத்துல டெல்லில கிடப்புல இருந்த மசோதாவுல, கட்டடத்துல அமைப்புக் கோளாறு இருந்தா பில்டர் பொறுப்பு ரெண்டு வருஷம்தான். பாஸான சட்டத்துல அஞ்சு வருஷம். சாவி குடுத்த தேதிலேர்ந்து அஞ்சு வருஷத்துக்குள்ள சொன்னா, முப்பது நாளைக்குள்ள சொந்தச் செலவுல சரி பண்ணித் தரணும், இல்லேன்னா நஷ்ட ஈடு. நம்மூர்ல கட்டடக் குறை மொத மழையில தெரியாது, மூணாவது நாலாவது மழையிலதான் பீம்ல விரிசல், சீலிங்ல கம்பி துருப்பிடிச்சு சிமெண்ட் பேந்து விழறது எல்லாம் ஆரம்பிக்கும். ரெண்டுக்கும் அஞ்சுக்கும் நடுவுல இருக்கறது அந்த ரெண்டு மூணு மழைதான். மௌலிவாக்கத்தால மாறுச்சுன்னு நான் சொல்ல வரல.

14 ஏப்ரல்

புத்தாண்டு வாழ்த்துக்கள் எல்லாருக்கும். வேப்பம்பூப் பச்சடி சாப்பிட்டுட்டு எழுதறேன், கசப்பா இருந்தா பொறுத்துக்கோங்க.

கேள்வி கேட்டவர் நிலம் மாநில விஷயம்னாரே, அதுக்கு இன்னும் பதில் சொல்லல. சரிதான், நிலமும் பிளானும் மாநிலம்தான். ஆனா சொத்து கைமாறறதும் ஒப்பந்தமும் பொதுப்பட்டியல், அதாவது மத்திய அரசும் சட்டம் போடலாம், மாநிலமும் போடலாம். ரேரா அந்த வழியாத்தான் உள்ள வந்துது. உங்களுக்கு எவ்வளவு எஃப்.எஸ்.ஐ. (மனை அளவுக்கு எவ்வளவு கட்டலாம்ங்கற கணக்கு) குடுக்கறது, எத்தன மாடி, செட்பேக் (சுத்தி விடற இடம்) எவ்வளவு, எதையும் அது தொடல. வாங்கறவனுக்கும் விக்கறவனுக்கும் நடுவுல இருக்கற பேச்சுவார்த்தைய மட்டும்தான் தொட்டுது. மகாராஷ்டிரா 2012லயே தனக்குன்னு ஒரு சட்டம் போட்டிருந்துது, ரேரா வந்து அத ரத்து பண்ணிடுச்சு. மேற்கு வங்கம் மத்திய சட்டம் வேணாம்னு 2017ல தனியா ஒண்ணு போட்டுது, கிட்டத்தட்ட காப்பிதான், ஆனா வாங்கறவனுக்கு இருந்த பாதுகாப்பு சிலத விட்டுட்டாங்க. 2021 மே மாசம் சுப்ரீம் கோர்ட் அது செல்லாதுன்னுடுச்சு.

ஆனா மாநிலத்துக்கு வேலையே இல்லன்னு இல்ல. விதி எழுதறது, புகார விசாரிச்சு ஆர்டர் போடற ரேரா ஆணையத்த அமைக்கறது எல்லாம் மாநிலம். நம்ம விதி 2017 ஜூன்ல வந்துது, நம்ம ஆணையம் அந்தமானுக்கும் சேத்துதான் பாக்குது. விதி எழுதற எடத்துல பல மாநிலங்கள் பில்டருக்கு ஜன்னல் தொறந்து விட்டாங்க, நடந்துட்டு இருக்கற புராஜெக்ட்ல எது சட்டத்துக்குள்ள வரும் எது வராதுங்கறதுல விளையாடினாங்க. பார்லிமெண்ட்ல ஒவ்வொரு வரியா சண்டை போட்டு வாங்கினத, மாநிலத் தலைநகரத்துல ஒரு செக்ரடரி ஆபீஸ்ல ஒரே சாயங்காலத்துல விட்டுக் குடுக்க முடியும். அங்க கமிட்டியும் கிடையாது, மாற்றுக் கருத்தும் கிடையாது.

20 ஏப்ரல்

நேத்து ஓட்டுப் போட்டாச்சு, வெயில்ல ஒன்றரை மணி நேரம் க்யூ. மை இன்னும் போகல.

இவ்வளவு நாளா சட்டத்தப் புகழ்ந்தாச்சு. சென்னைக்காரன் கண்ணுல பெரிய ஓட்டை எங்கன்னா, எட்டு. நிலம் 500 சதுர மீட்டருக்குள்ள, ஃபிளாட் எட்டுக்குள்ளன்னா ரேராவுல பதிவே வேணாம். மசோதா வரப்போ இது ஆயிரம் சதுர மீட்டர், பன்னெண்டு ஃபிளாட்டா இருந்துது, குறைச்சாங்க, அதுக்கு நன்றி. ஆனா நம்ம ஊருக் கணக்கப் போடுங்க. ஒரு கிரவுண்ட் 2400 சதுர அடி, அதாவது 223 சதுர மீட்டர். ரெண்டு கிரவுண்ட் சேத்தாலும் 446தான். மடிப்பாக்கம், நங்கநல்லூர், பெரம்பூர், கொளத்தூர்னு எங்க போனாலும் பழைய தனி வீட்ட இடிச்சு ஜாயின்ட் வெஞ்சர்ல ஸ்டில்ட் பிளஸ் மூணு (கீழ பார்க்கிங், மேல மூணு மாடி) போட்டு ஆறு ஃபிளாட், ஓனருக்கு மூணு பில்டருக்கு மூணு. மிடில் கிளாஸ் வாங்கற ஃபிளாட்ல எத்தனையோ இந்த ரகம்தான். அத்தனையும் வெளியில. எழுபது பர்சென்ட் அக்கவுண்ட் இல்ல, வெப்சைட்ல பிளான் இல்ல, மூணு மாசத்துக்கு ஒரு தடவ ஸ்டேட்டஸ் போட வேண்டியதில்ல.

சின்ன பில்டருக்கு அந்த பேப்பர் வேலையெல்லாம் சுமைங்கற வாதம் எனக்குப் புரியுது. எங்க தெருவுல கட்டின மேஸ்திரி அண்ணன் சொந்தக் காசு போட்டு, சொந்தக்காரங்ககிட்ட கைமாத்து வாங்கி ஆறு ஃபிளாட் கட்டினாரு, நல்லாவும் கட்டினாரு. அவரப் போயி ஆடிட்டர் வை, ஆன்லைன்ல ஏத்துன்னா திணறித்தான் போவாரு. ஆனா ஓடிப் போறவனும் இந்த ரகத்துலதானே இருக்கான். டெல்லில உக்காந்து பாக்கறப்போ நொய்டாவுல ஆயிரம் ஃபிளாட் டவர்தான் கண்ணுக்குத் தெரியும், ஒரு கிரவுண்ட் ஆறு ஃபிளாட் தெரியாது. எட்டுங்கற நம்பரப் பத்திப் பேசறப்போ இந்த கிரவுண்ட் கணக்க நம்ம ஊர் எம்.பி. ஒருத்தர் போர்டுல எழுதிக் காட்டியிருக்கணும்.

ஒரு நல்ல சேதி, சட்டத்துல வரம்ப இன்னும் குறைக்கணும்னா மாநிலமே குறைச்சுக்கலாம், வழி இருக்கு. அதனால இந்தக் கேள்விய எம்.எல்.ஏ.கிட்டயும் கேக்கலாம்.

21 ஏப்ரல்

"க்யூல ஒன்றரை மணி நேரமா, எங்க பூத்துல அஞ்சு நிமிஷம்" ரகப் பதிவெல்லாம் தயவு செஞ்சு வேற எங்கயாவது.

5 ஜூன்

ரிசல்ட் வந்தாச்சு. குமாரி செல்ஜா சிர்சாவுல ஜெயிச்சு மறுபடி லோக்சபாவுக்கு வராங்க, இந்த மசோதாவோட மொத வரைவுக் காலத்து ஆளு. வெங்கையா நாயுடு துணை ஜனாதிபதியாவும் இருந்து ரிட்டையர் ஆயிட்டாரு. தவே 2016 ஜூலைல சுற்றுச்சூழல் மந்திரியானாரு, 2017 மே 18 தவறிட்டாரு. சட்டத்தோட மீதிப் பிரிவுகள் அமலுக்கு வந்தது அந்த மே 1ம் தேதி, ஆக முழுசா ஓடினத மூணு வாரம்கூட பாக்கல. நர்மதை ஆத்துக்காக வேலை பாத்தவரு, எனக்கு நினைவுச் சின்னம் வேணாம், மரம் நடுங்கன்னு உயில்ல எழுதி வச்சிருந்தாரு. அவர் அரசியல் எனக்கு ஒத்து வராது, ஆனா இந்த உயில் எனக்குப் பிடிச்சுது.

இப்ப ஒருத்தர் கேட்டிருக்கற முக்கியமான கேள்வி: "ஆர்டர் வாங்கிட்டேன், காசு வரல, என்ன பண்றது?" எங்க மச்சானுக்கும் இதே கதை. (கேலண்டர் மச்சான்தான், என் ஃபிளாட்ட அளந்து சிரிச்சவரு, அவர் புக் பண்ணது கட்டி முடிக்கவே இல்ல.) சாவி குடுக்கல, வட்டியோட காசத் திருப்பிக் கேட்டாரு, ஆர்டரும் வந்துடுச்சு. பில்டர் அசையல. ரேரா 40ம் பிரிவுப்படி அந்தப் பணத்த நில வரி பாக்கி மாதிரி வசூல் பண்ணலாம், அதாவது ஃபைல் ரெவென்யூ டிபார்ட்மெண்ட்டுக்குப் போகும். அங்க தாசில்தாருக்கு பட்டா, வாரிசு சர்டிஃபிகேட், வெள்ளம், எலெக்‌ஷன் ட்யூட்டி, இதுக்கெல்லாம் நடுவுல இவர் ஃபைல். பில்டர் பேர்ல அங்க எந்த சொத்தும் இல்லன்னு பதில். எல்லாம் சம்சாரம் பேர்ல.

பில்டர் அப்பீல் போனா மட்டும் ஒரு பிடி இருக்கு. வாங்கினவனுக்குக் குடுக்கச் சொன்ன மொத்தத் தொகையையும் வட்டியோட கட்டிட்டுத்தான் அப்பீலே கேப்பாங்க. இத எதுத்து சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனாங்க, 2021 நவம்பர்ல அந்தப் பிரிவு செல்லும்னு தீர்ப்பு. அதனால விவரமான பில்டர் அப்பீலே போறதில்ல, சும்மா உக்காந்துக்கறாரு.

ஏப்ரல்ல எழுதினதெல்லாம் திரும்பப் படிச்சேன். கமிட்டி ரூம்ல நடந்ததுதான் நிஜ வேலைன்னு ரொம்ப உற்சாகமா எழுதியிருக்கேன். அது நிஜ வேலைதான். ஆனா வசூல் பண்ற ஆள், எத்தன நாளைக்குள்ள பண்ணணும், பண்ணலேன்னா யாரு பதில் சொல்லணும், இதுல பால்கனிக்குக் காட்டின அக்கறைல பாதி காட்டியிருந்தா மச்சான் இந்நேரம் வேற வீடு வாங்கியிருப்பாரு. வாடகை வீட்ல இருந்துட்டே இ.எம்.ஐ. கட்டிட்டு இருக்காரு மனுஷன்.

6 ஜூன்

"திவால் சட்டத்துல போகலாமே சார்." போகலாம், 2018லேர்ந்து ஃபிளாட் வாங்கினவனும் கடன் குடுத்தவன் கணக்குல வருவான். ஆனா 2019 கடைசில வந்த திருத்தத்துக்கு அப்புறம் தனியாப் போக முடியாது, அந்த புராஜெக்ட்ல நூறு பேர் இல்லேன்னா பத்துல ஒரு பங்கு பேர் சேரணும். மச்சான் வாட்ஸ்அப் குரூப்ல தினமும் குட்மார்னிங் போட ஆள் இருக்கு, கையெழுத்துப் போடத்தான் ஆள் இல்ல.

11 ஜூன்

மேடவாக்கம் சார் திரும்ப வந்து, தான் பாக்கற கட்டடத்துல ஆறே ஃபிளாட்தான்னு சொல்லிட்டு, "அப்ப புது எம்.பி.கிட்ட நான் என்ன கேக்கட்டும்"ங்கறாரு. ரெண்டு கேளுங்க. வீட்டு வசதி, நகர்ப்புற விவகார நிலைக்குழுன்னு ஒண்ணு இருக்கு, அதுல எடம் கேட்டு வாங்குவாரான்னு கேளுங்க. எல்லாரும் ரயில்வே, டிஃபென்ஸ்னு ஓடறாங்க. அடுத்து, மாநில வாரியா எத்தன கோடிக்கு வசூல் ஆர்டர் போட்டிருக்கு, அதுல எவ்வளவு கைக்கு வந்துதுன்னு நட்சத்திரக் கேள்வியா (மந்திரி சபையிலேயே வாய்மொழியா பதில் சொல்ற ரகம்) போடச் சொல்லுங்க. நீங்க "கேள்வி கேட்டார்" கதை வேணாம்னீங்க, ஆனா இந்தக் கேள்வி சபைல வந்தா மந்திரி எழுந்து நின்னு பதில் சொல்லணும், நம்பர் வெளிய வரும். அத வச்சுத்தான் 40ம் பிரிவத் திருத்தச் சொல்லிப் பேசவே முடியும்.

நீங்க பாக்கற ஃபிளாட் ஆறு யூனிட்னு சொன்னீங்க. அப்ப இதுவரைக்கும் எழுதின எழுபது பர்சென்ட், அஞ்சு வருஷம் எதையும் நம்பிக் காசு குடுக்காதீங்க. கார்பெட் எவ்வளவுன்னு அக்ரிமெண்ட்லயே எழுதி வாங்குங்க, ஸ்லாப் போட்டப்புறம் பணம், பூச்சு முடிஞ்சப்புறம் பணம்னு தவணையப் பிரிங்க. டேப் வேணும்னா மச்சான்கிட்ட இருக்கு, ஞாயித்துக்கிழமை ஃப்ரீயாத்தான் இருப்பாரு. யூ.டி.எஸ். (நிலத்துல ஒவ்வொரு ஃபிளாட்டுக்கும் வர்ற பங்கு) கணக்கக் கேட்டவங்களுக்குத் தனி இழை தொடங்கறேன், அத இங்க இழுக்காதீங்க.